பத்தொன்பது சிவப்பு வட்டங்கள்

"சம்பளமில்லாத உத்தியோகத்துக்குச் சேலைக்குக் கஞ்சி வேறை கேக்குதோ?" என்றாள் மாமி அருமைநாயகி, அடுப்படியிலிருந்து தலையை நீட்டி.

குணலட்சுமி சேலைத் தலைப்பை மடித்து ஊசி குத்தியபடி சிரித்தாள். மாமியின் வாயில் வருவதெல்லாம் மனதில் இருப்பதல்ல என்பது கலியாணமாகி இரண்டு வருடத்தில் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் இந்த விசயத்தில் மாமி சொல்வதில் பாதியாவது உண்மைதான் என்பதும் அவளுக்குத் தெரியும். வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிடுகிற நேரத்தில், வீட்டில் இருக்கிற ஒரே மருமகள் காலை ஏழரைக்குப் படலையைத் திறந்துகொண்டு போனால் எந்த மாமிக்குத்தான் பொறுக்கும்?

"ஆனி மட்டும்தானேயம்மா. பேசினது பேசினதுதான்" என்றான் செல்வரட்ணம், சைக்கிளைத் துடைத்துக்கொண்டே. அவன் இறைப்பு இயந்திரம் திருத்துகிறவன். டீசல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறவன் என்று ஊரில் அவனுக்கு நல்ல பெயர்.

"ஆனி மட்டும். அதுக்கு அங்காலை ஒரு நாள் எண்டாலும் நான் விடன். சொல்லிப்போட்டன்."

ஆனி முப்பதாம் திகதி வரை என்பதுதான் கணக்கு. ஆசிரியர் கலாசாலையில் ஆரம்பக் கல்விப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்த அறிவித்தலைக் குணலட்சுமி கத்தரித்துத் தன் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்தாள். வகுப்பறை அனுபவம் உள்ளவர்களுக்கு முதலிடம். அதிபரின் கடிதம் கட்டாயம். வயது இருபத்தைந்துக்கு மேற்படக் கூடாது. நாலு புள்ளியால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவள் அவள். வருகிற கார்த்திகையில் இருபத்தைந்து முடிகிறது. இந்த வருடம் தவறினால் இனி இல்லை.

அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. உடுவில் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில், தீவுப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களால் பிள்ளைகள் இரட்டிப்பாகியிருந்தார்கள். முதலாம் ஆண்டு ரீச்சர் கொழும்புக்குப் போனவர் திரும்பி வரமுடியாமல் நின்றுவிட்டார். தைப்பொங்கல் கழிந்து இரண்டு கிழமையில் குணலட்சுமி தொண்டர் ஆசிரியையாகப் போய் நின்றபோது, அதிபர் நமசிவாயம் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார்.

"கடிதத்துக்காக வாறவை கனபேர் பிள்ளை. இரண்டு கிழமை வந்து நிண்டுபோட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போயிடுவினம். என்னட்டை அது சரிவராது. ஆனி மட்டும் வாரும். பாத்துத்தான் எழுதுவன்."

"ஓம் சேர்."

"நாப்பத்தொரு பிள்ளையள். இடாப்பைக் கவனமாய் வையும். அது அரசாங்கப் புத்தகம். வெட்டிக் கொத்தக் கூடாது."

அந்த வார்த்தையை மட்டும் குணலட்சுமி பொன்போலப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நாள் காலையும் வரவு இடாப்பை விரித்து, பெயர் கூப்பிட்டு, வந்த பிள்ளைக்கு நீலக் கோடும் வராத பிள்ளைக்குச் சிவப்பு வட்டமும் போட்டாள். நெடுநெடு என்று எத்தனை அழகான பெயர்கள்! சிவயோகமலர், கஜேந்திரராசா, புவனேந்திரன், தர்மவதனி. எண்சாத்திரம் பார்த்து, நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்து வைத்த பெயர்கள். முதல் கிழமை பாதிப் பிள்ளைகள் தங்கள் பெயர் கேட்டால் முழுசினார்கள். பக்கத்துப் பிள்ளை முழங்கையால் இடித்த பிறகுதான் "வந்தேன் ரீச்சர்" என்றார்கள்.

சிவயோகமலர் என்ற பெயருக்கு மட்டும் எந்த நாளும் பதில் இல்லை. அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம் நாளுக்கொன்றாக நீண்டுகொண்டு போனது. இடம்பெயர்ந்த சனம், இன்றைக்கு ஓரிடம் நாளைக்கு ஓரிடம், வேறு பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார்கள் என்று குணலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

வாசல் தூணோடு ஒரு சின்னப் பெண் தினமும் வந்து இருந்தாள். சாயம் போன சட்டை, ரிப்பனுக்குப் பதிலாகத் துணிக்கரை. முதல் நாளே குணலட்சுமி குனிந்து பெயர் கேட்டாள். "சின்னக்கிளி" என்றாள் அது. இடாப்பில் மேலிருந்து கீழே தேடிப் பார்த்தாள். சின்னக்கிளி என்று ஒருத்தியும் இல்லை. தாய்மார் நிவாரணத்துக்குக் கியூவில் நிற்கப் போகிற நாட்களில், பெரிய பிள்ளைகள் தம்பி தங்கச்சிமாரையும் கையோடு கூட்டி வருவது அந்தப் பள்ளிக்கூடத்தில் வழக்கம். அப்படி மண்டபத்துக்குள் நாலைந்து குஞ்சுகள் எப்போதும் இருக்கும். இதுவும் நாலாம் ஆண்டில் படிக்கிற ஒருவனின் வால் போல என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பாவம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

சிலேட்டுகள் வந்தபோது இடாப்பைப் பார்த்துக் கொடுத்தாள். ஒன்று மிஞ்சியது. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். ஒரு சங்கத்தார் வந்து, ஒழுங்காக வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாலு கொப்பி கொடுத்தபோதும் அப்படித்தான். சின்னக்கிளி தூணோடு இருந்து, மற்றப் பிள்ளைகளின் கொப்பி மட்டையில் இருந்த பூப்படத்தை எட்டி எட்டிப் பார்த்தாள். பாட்டு என்றால் அவள்தான் முதல் ஆளாகக் கை தட்டினாள். எண்ணச் சொன்னால், மணலில் விரலால் கோடு கீறி எண்ணினாள். கெட்டிக்காரக் குட்டி, அடுத்த வருடம் சேரட்டும் என்று குணலட்சுமி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டும் போயிருக்கிறாள்.

மாசி முடிவில் அதிபர் இடாப்பை வாங்கிப் பார்த்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

"இந்தப் பிள்ளை பத்தொன்பது நாளாய் வரேல்லை. வீட்டை போய்ப் பாத்தனீரோ?"

"இல்லை சேர்."

"பேரை வெட்டுறதெண்டாலும் போய்ப் பாத்துப்போட்டுத்தான் வெட்ட வேணும். அனுமதிப் புத்தகத்திலை விலாசம் இருக்கு, எழுதிக்கொண்டு போம்."

பின்னேரம் செல்வரட்ணம் அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனான். ஆளில்லாத ஒரு கல்வீட்டில் ஆறு குடும்பங்கள் பாய் விரித்து இருந்தன. பின்பக்கத்து மாட்டுக் கொட்டிலை மெழுகி, அதில் இருந்தவள் நல்லம்மா. கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வாங்கோ ரீச்சர், வாங்கோ! இருக்கச் சொல்லக் கதிரையும் இல்லை..."

"பரவாயில்லை அக்கா. சிவயோகமலர் உங்கடை பிள்ளைதானே? ஏன் பள்ளிக்கூடம் விடுறியள் இல்லை?"

நல்லம்மாவின் முகம் மாறியது. "என்ன ரீச்சர் சொல்லுறியள்? என்ரை பிள்ளை ஒரு நாளும் வீட்டிலை நிக்கேல்லை. காய்ச்சல் காஞ்ச அண்டைக்கும் அழுதுகொண்டு வந்தவள். சேத்த அண்டைக்கு எனக்கு நிவாரண நாள். அதிபரிட்டைப் பதிஞ்சுபோட்டு, தமையன்காரனைத்தான் வகுப்பிலை கொண்டுபோய் விடச் சொன்னனான். மற்றப் பிள்ளையளுக்குக் கொப்பி குடுத்தவையாம், தனக்கு இல்லையாம் எண்டு வந்து சொன்னவள். வந்த சனம்தானே, எங்களுக்குப் பிறகு தருவினமாக்கும் எண்டு நான்தான் வாயை மூடச் சொன்னனான்." பிறகு கொட்டிலுக்குள் திரும்பிக் கூப்பிட்டாள்: "எடியே சின்னக்கிளி! இஞ்சை ரீச்சர் வந்திருக்கிறா!"

துணிக்கரை ரிப்பன் வாசலில் வந்து நின்று சிரித்தது.

குணலட்சுமி அந்தத் துணிக்கரையையே பார்த்தாள். "வீட்டிலை சிவயோகமலர் எண்டு கூப்பிடுறேல்லையோ?" என்று கேட்டாள்.

"ஆர் ரீச்சர் உவ்வளவு நீட்டாய்க் கூப்பிடுறது? அது பதிவுப் பேர். அவளுக்கே தெரியாது."

திரும்பி வரும் வழியில் செல்வரட்ணம் சைக்கிளை மெதுவாக மிதித்தான்.

"இஞ்சை பார் குணம், ஒண்டும் குடிமுழுகிப் போகேல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், வாற திங்கள் வருவாள் எண்டு அதிபரிட்டைச் சொல்லு. திங்கள் தொடக்கம் நீலக் கோடு போடு. ஆருக்குத் தெரியப்போகுது? உண்மையைச் சொன்னாயெண்டால் அந்த மனிசன் கடிதம் தாறது ஐமிச்சம்."

அவன் சொன்னது அவள் மனதிலும் ஓடியதுதான். பொய் சொன்னால் கடிதம் தப்பும். ஆனால் அந்தப் பத்தொன்பது வட்டமும் அப்படியே கிடக்கும். வட்டம் கிடக்கும்வரை அந்தப் பிள்ளைக்குக் கொப்பி இல்லை. காய்ச்சலோடும் அழுதுகொண்டு வந்த பிள்ளையை, ஒரு நாளும் வராதவள் என்று அரசாங்கப் புத்தகத்தில் எழுதியது தன் கை.

"நான் சொல்லப் போறனப்பா" என்றாள்.

செல்வரட்ணம் பெருமூச்சு விட்டான். "சொல்லு. பிறகு மாமியும் மருமகளுமாய் வெங்காயம் பிடுங்குங்கோ."

அடுத்த நாள் அதிபர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் இடாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒவ்வொரு வட்டத்தையும் ஒரு கோட்டாலை வெட்டி, நீலத்திலை திருத்தி, பக்கத்திலை கையெழுத்து வையும். பத்தொன்பதுக்கும்."

அவள் வைத்தாள். ஏழாவது கையெழுத்தில் கண் கலங்கி எழுத்துத் தெரியாமல் போனது.

"கொப்பிக்குச் சங்கத்தாருக்கு நான் எழுதித் தாறன்" என்றார்.

"கடிதம், சேர்..."

"ஆனி வரட்டும்."

அலுமாரியிலிருந்த சிலேட்டை அன்றே எடுத்துக் கொடுத்தாள். சின்னக்கிளி அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முழுப் பாடமும் எழுதாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் மாமிக்கு மறைக்க முடியவில்லை. கேட்டுவிட்டு மாமி வாயில் கை வைத்தாள்.

"அடி விசரி! நாலு பேரிட்டை விசாரிச்சிருந்தால் முடிஞ்சுது. உன்ரை வகுப்பிலை வேறை ஆரார்?"

குணலட்சுமி இடாப்புப் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். வாசித்தாள்.

"கஜேந்திரராசாவோ? அது ஆர் மகாராசா? தேப்பன் பேரைச் சொல்லு... ஓ, உவன் ஏரம்புவின்ரை பேரன்! அவனைக் 'கட்டி' எண்டுதான் கூப்பிடுறது. பிறக்கேக்கை நாலரைக் கிலோ."

"தர்மவதனி?"

"உது 'பூசு'. பூனை மாதிரிப் பதுங்கித் திரியும். வெடிச் சத்தத்துக்குச் சரியான பயம், கண்டியோ. அடுத்ததை வாசி."

குப்பி விளக்கைத் தூண்டிக்கொண்டு மாமி இருபத்தாறு பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயரும் வரலாறும் சொன்னாள். இடம்பெயர்ந்த பதினைந்து பேருக்கு மாமியிடம் சரித்திரம் இல்லை. அவர்கள் வீடுகளுக்குக் குணலட்சுமி பின்னேரங்களில் தானே போனாள். பிறகு மாமியும் கூட வரத் தொடங்கினாள். "உனக்குக் கேக்கத் தெரியாது" என்பது அவள் சொன்ன காரணம்.

பங்குனியிலிருந்து முதலாம் ஆண்டில் பெயர் கூப்பிடும் முறை மாறியது. ரீச்சர் வீட்டுப் பெயரைக் கூப்பிடுவாள். பிள்ளை எழும்பித் தன் பதிவுப் பெயரை முழுதாகச் சொல்ல வேண்டும்.

"கட்டி!"

"கஜேந்திரராசா வந்தேன் ரீச்சர்!"

"மொட்டையன்!"

"ரீச்சர், எனக்கு இப்ப தலைமயிர் வளந்திட்டுது!"

"சரி. உன்ரை பெரிய பேர் என்ன?"

"அது பெரியாளானாப் பிறகு சொல்லுவன்."

பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்துச் சிரித்தது. சித்திரைக்குள் நாற்பத்தொரு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்தியது. பேசாத பிள்ளை பேசியது. வெங்காயத்தாளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லி, அதிலேயே குணலட்சுமி கணக்கும் ஓட்டிவிட்டாள்.

ஆனி இருபத்துநாலாம் திகதி அதிபர் இடாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து கடைசி வாங்கில் இருந்தார். 'பாத்துத்தான் எழுதுவன்' என்ற பார்வை இதுதான் என்று குணலட்சுமிக்கு விளங்கிவிட்டது. வெங்காயத்தாளை எடுத்து வைத்து அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது, பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டது.

பாடம் போயிற்று. பிள்ளைகள் பழகியபடி கையைப் பிடித்து வரிசையாக ஓடி, மாமரத்தடியில் பதுங்குகுழியாக வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினார்கள். கடைசியாக அதிபர் குனிந்து இறங்கினார். உள்ளே கும்மிருட்டு. மண் வாசனையும் வியர்வையும். யாரோ விம்மத் தொடங்க, மற்றதுகளும் தொடங்கின.

"எல்லாரும் வந்தாச்சோ?" என்றார் அதிபர். அவர் இடாப்பை விரித்தார். ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"கட்டி!" என்றாள் குணலட்சுமி இருட்டுக்குள்.

"கஜேந்திரராசா வந்தேன் ரீச்சர்!"

"சின்னக்கிளி!"

"சிவயோகமலர் வந்தேன் ரீச்சர்!"

ஒன்றன்பின் ஒன்றாகக் குரல்கள் வந்தன. தன் முறை வரவேண்டும் என்பதற்காக விம்மல் நின்றது. நாற்பதுக்குப் பதில் வந்தது. ஒன்றுக்கு வரவில்லை.

"பூசு! பூசு!" பதில் இல்லை. குணலட்சுமி எழும்பினாள். "சேர், தர்மவதனி இல்லை. சத்தத்துக்கு அவள் ஓடாள், பதுங்குவாள். அலுமாரிக்குப் பின்னாலைதான் இருப்பாள். பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுங்கோ."

அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன் அவள் வெளியே ஏறிவிட்டாள். பின்னேரத்தில் எத்தனை பேர் அந்தக் கதையைக் கேட்டபோதும், ஓடிய தூரம் அவளுக்கு நினைவில் வரவில்லை. அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பூசு இருந்ததும், "வா குஞ்சு, ரீச்சர் வந்திட்டன்" என்றதும் கழுத்தைக் கட்டிக்கொண்டதும்தான் நினைவில் இருந்தது. இரண்டு பேரும் பங்கர்ப் படியில் இறங்கவும், எங்கோ தெற்கே குண்டு விழுந்து நிலம் அதிரவும் சரியாக இருந்தது. கூரையிலிருந்து மண் கொட்டியது. இருட்டுக்குள் ஒரு சின்னக் குரல் கேட்டது:

"தர்மவதனி வந்தேன் ரீச்சர்."

நாற்பது பிள்ளைகளும் கை தட்டினார்கள். அதிபரும் தட்டினார்.

இருபத்தெட்டாம் திகதி கடிதம் கிடைத்தது. ஒட்டாத உறை. வீட்டுக்கு வந்து வாசித்தபோது அவள் முகம் வெளுத்தது. "இவர் தொடக்கத்தில் இடாப்பில் பாரதூரமான தவறு ஒன்று விட்டார், பத்தொன்பது நாட்கள் ஒரு பிள்ளையை வரவில்லை எனப் பதிந்தார்" என்றுதான் இரண்டாவது பந்தி தொடங்கியது.

"அந்த மனிசன் உன்னைக் கவிட்டுப் போட்டான்" என்றான் செல்வரட்ணம்.

"மற்றதையும் வாசியன்" என்றாள் மாமி. அவளுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் கண்ணாடி உடைந்து கிடந்தது. குணலட்சுமியே வாசித்தாள்.

"'இத்தவற்றை எனக்கு அவரே வந்து கூறினார். இன்று தம் வகுப்பின் ஒவ்வொரு பிள்ளையையும் இருட்டிலும் அறிவார். முப்பத்தொரு வருட சேவையில் இவ்வாறு அறிந்த ஆசிரியரை நான் கண்டதில்லை.'"

"அனுப்பு" என்றாள் மாமி. "அப்பிடியே அனுப்பு."

ஆடி பிறந்தது. ஒப்பந்தம் முடிந்த கதையை மாமி எடுக்கவே இல்லை. கலாசாலை நேர்முகப் பரீட்சையில் கேள்வி கேட்க மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மையார் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"இப்படியொரு கடிதத்தோடை வேறை ஒருத்தரும் வரேல்லை. எல்லாரும் திறமையான ஆக்கள் எண்டுதான் எழுதிக்கிடக்கு. உமக்கு இதைக் கொண்டுவரப் பயமில்லையோ?"

"பயம்தான் மிஸ். ஆனால் அதிலை இருக்கிறது எல்லாம் நடந்தது."

"பத்தொன்பது நாள் ஒரு பிள்ளை உம்முடைய கண்ணுக்கு முன்னாலை. ஏன் தெரியேல்லை?"

"நான் புத்தகத்தைப் பாத்தனான் மிஸ். பிள்ளையைப் பாக்கேல்லை."

மூன்று பேரும் எழுதினார்கள். பிறகு அம்மையார் பேனையை வைத்துவிட்டு, "அந்த முறையைச் சொல்லும், என்னெண்டு கூப்பிட்டனீர்?" என்றார். கால்மணி நேரப் பரீட்சை முக்கால் மணி நேரம் நீண்டது. மொட்டையன் கதைக்கு மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

மூன்றாம் தவணை தொடங்கி இரண்டாம் கிழமை. குணலட்சுமி கூட்டல் படிப்பித்துக்கொண்டு நின்றாள். வாசலில் நிழல் விழுந்தது. வெயிலில் முகம் சிவந்து, மேல் மூச்சு வாங்க, கையில் ஒரு நீளக் கடித உறையோடு அருமைநாயகி நின்றாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை.

"மாமி! என்ன, வீட்டிலை ஆருக்கும்..."

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. தபால்காரன் தந்தவன். உன்ரை பேர்தான். பொறுக்கேலாமல் உடைச்சு, பக்கத்து வீட்டுப் பெடிச்சியைக் கொண்டு வாசிப்பிச்சுப்போட்டன், கோவிக்காதை." மாமி ஒரு தரம் மூச்சை இழுத்தாள். "எடுபட்டிட்டாயடி! முதலாவதாய்! உன்ரை பேர்தான் முதல் பேராம்!"

குணலட்சுமியின் கையிலிருந்த வெண்கட்டி கீழே விழுந்து இரண்டானது. மாமியை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள். கஞ்சி போட்ட சேலை இரண்டு பேருக்கும் நடுவில் மொறுமொறு என்று நசுங்கியது.

"ரீச்சர், இவ ஆர் ரீச்சர்?" என்று கட்டி கேட்டான்.

"அட, நீதானே கட்டி?" என்றாள் மாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏரம்புவின்ரை பேரன்! அங்கை வாசலோடை இருக்கிறது சின்னக்கிளி. நீ பூசு. என்ன முழுசிறியள்? உங்கடை ரீச்சர் பாஸ் பண்ணிப்போட்டா! கை தட்டுங்கோ பாப்பம்!"

என்னவென்று விளங்காமலே நாற்பத்தொரு பிள்ளைகளும் கை தட்டினார்கள். பக்கத்து வகுப்பும் தட்டியது. அதற்கடுத்த வகுப்பும் தட்டியது. மண்டபம் முழுவதும் இரைந்தது. சத்தத்தை அடக்க அதிபர் பிரம்போடு ஓடி வந்தார். மாமியைக் கண்டார், உறையைக் கண்டார், மருமகளின் முகத்தைக் கண்டார். பிரம்பைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, அவரும் சேர்ந்து தட்டத் தொடங்கினார்.